ஊமத்தங்கண்டிகையின் நூற்று நாற்பத்து மூன்று அடுப்புகள்

மனித நாகரிகம் நதிக்கரையில் பிறந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஊமத்தங்கண்டிகைக்கு வந்து பார்த்தவர்கள் அல்லர். நாகரிகம் பிறந்தது அடுப்பங்கரையில். இதை உலகுக்கு நிரூபித்த பெருமை, பாலசமுத்திரத்துக்குத் தெற்கே, ஏரிக்கும் களத்துமேட்டுக்கும் நடுவில் முப்பத்தெட்டு வீடுகளோடு கிடக்கும் அந்தக் கிராமத்தையும், அதற்கு வீட்டுமனை வழங்க வந்த ‘மாதிரி மனைத் திட்டச் சிறப்பு அலுவலக’த்தையும் சேரும். அந்தப் பெருமையில் ஒரு கைப்பிடி சென்னம்மாவுக்கும் உண்டு. ஆனால் அவள் பெருமை கேட்டு மனுப் போடவில்லை. அவள் கேட்டது ஒரு மனை.

சென்னம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் கன்னியப்பன் கிணறு வெட்டப் போனவன், கிணற்றிலேயே தங்கிவிட்டான். இருந்த குடிசை அடுத்த ஐப்பசி மழையில் கரைந்தது. அன்றிலிருந்து அவளுக்குப் படுக்கை செங்கல்வராயனின் வைக்கோல் கொட்டகையில். செங்கல்வராயன் ஊரில் பெரிய விவசாயி, தாராள மனசுக்காரர். வைக்கோல் குறைந்திருக்கும் மாதங்களில் அவளைக் காலை நீட்டிப் படுக்க விடுவார். புது வைக்கோல் வந்து இறங்கினால் மட்டும் அவள் வெளியே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். வைக்கோல் நனையக் கூடாது அல்லவா?

அவளுக்குக் கைவந்த வேலை அடுப்புப் போடுவது. ஏரி மண்ணைக் குழைத்து, பதரும் சாணியும் சேர்த்து மிதித்து, மூன்று குமிழ் வைத்து, பக்கத்தில் சின்னதாக ஒரு கொடியடுப்பையும் இணைத்து அவள் போட்டுக் கொடுத்தால் பத்து வருஷம் விரிசல் விடாது. ஊரில் எல்லார் வீட்டு அடுப்பும் அவள் போட்டதுதான். அவளுக்கென்று ஓர் அடுப்பு இல்லை. போடுவதற்கு வீடு வேண்டுமே! வேலை செய்த வீட்டில் களி கொடுத்தால் தின்பாள்; கொடுக்காவிட்டால் வாய் திறப்பாள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகி மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம், சித்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து சிறப்பு அதிகாரி ஸௌரிராஜன் இறங்கினார். திருப்பதிக்காரர். திருமலை மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்த குடும்பம். நெற்றியில் திருமண், கையில் ஒரு முனை சிவப்பு, மறுமுனை பச்சை என்று இரட்டைமுனைப் பென்சில். களத்துமேட்டுப் புறம்போக்கில் நின்று வரைபடத்தை விரித்தார். சிவப்பு, குடியிருப்பு மண்டலம். பச்சை, தொழுவ மண்டலம். நடுவில் ஒரு வட்டம்.

“இது இன்னா சாமி, வட்டமா கீது?” என்றார் செங்கல்வராயன்.

“பூங்கா.”

“பூங்காவா? ஊரைச் சுத்திக் காடுதானே கீது?”

“அது காடு. இது மண்டலம்,” என்றார் ஸௌரிராஜன். கூட்டம் தலையை ஆட்டியது. புரிந்திருந்தால் ஆட்டியிருக்காது.

“குடும்பத்துக்கு ஒரு மனை. மனைக்கு அஞ்சு சென்ட். இலவசம்.”

“குடும்பம்னா யாரு சாமி?”

ஸௌரிராஜன் சுற்றறிக்கையைப் பிரித்து, சந்நிதியில் நிற்பவர் குரலில் வாசித்தார்: “‘குடும்பம் என்பது தனியே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்ணும் அலகு.’”

“அலகா?”

“அலகு.”

இத்தனை காலம் தாங்கள் அலகு என்பதை அறியாமலே பிள்ளை குட்டி பெற்றுவிட்டோமே என்று ஊர் வெட்கப்பட்டது. அடுப்பு எண்ணும் நாள் அடுத்த மாதம் என்று அறிவித்துவிட்டு, பிரம்மோற்சவ வேலையாக அவர் திருப்பதிக்குப் போய்விட்டார். சர்க்கார் செய்யும் தவறுகளில் இது சேராது. பிரஜைகளுக்கு யோசிக்க அவகாசம் தருவது ஜனநாயகம்.

அந்த ஒரு மாதத்தில் ஊமத்தங்கண்டிகையில் நடந்ததை மறுமலர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிகள் சண்டையே போடாமல் பிரிந்தார்கள். மாமியாரும் மருமகளும் சிரித்துக்கொண்டே தனி அடுப்பு வைத்தார்கள். மாட்டுத்தொழுவத்தில் ஓர் அடுப்பு, கிணற்று மேட்டில் ஓர் அடுப்பு, சம்பத் என்பவனின் பார வண்டியில்கூட ஓர் அடுப்பு. “அது ஓடுற குடும்பம்,” என்றான் அவன். சென்னம்மாவுக்குக் கையில் மண் காயவில்லை. அடுப்புக்கு ஒரு படி கேழ்வரகு என்று பேசிக்கொண்டாள்.

செங்கல்வராயன் மட்டும் பதினோரு அடுப்புக்குச் சொல்லியிருந்தார். மூன்று மகன்களுக்கு மூன்று, அவர்கள் பிள்ளைகளுக்கு ஆறு, தனக்கு ஒன்று, மனைவி யசோதாவுக்கு ஒன்று.

“முப்பத்திரண்டு வருசம் குடித்தனம் பண்ணதுக்கு எனக்குத் தனி அடுப்பா?” என்றாள் யசோதா.

“ஒரு மாசம் சும்மா பிரிஞ்சிரு. மனை வந்ததும் சேர்ந்துக்கலாம்.”

“பிரியறதுன்னா ஒழுங்கா பிரிவோம். அப்பால வந்து சேருன்னா நான் வரமாட்டேன். ஏய் சென்னம்மா, என் அடுப்பை நல்லா கெட்டியாப் போடு.”

குறித்த நாளில் ஸௌரிராஜன் வந்தார். ஊர்க் கர்ணம் நாகபூஷணம் கையில் தார்ச் சட்டியோடு பின்னால் போய் அடுப்புக்கு அடுப்பு நம்பர் போட்டார். மாலைக்குள் நூற்று நாற்பத்து மூன்று. முப்பத்தெட்டு வீட்டில் நூற்று நாற்பத்து மூன்று அலகு இருப்பதைக் கண்டு ஸௌரிராஜன் சந்தேகப்படவில்லை, பூரித்தார். மாவட்டத்திலேயே இவ்வளவு தேவையுள்ள கிராமம் வேறு இல்லை. ஒரே ஓர் இடத்தில்தான் அவர் பென்சில் நின்றது.

“இந்தக் கொடியடுப்பு இருக்கே, இது தனிக் குடும்பமா? சேர்ந்த குடும்பமா?”

கர்ணம் தார்க் குச்சியால் காதைச் சொறியப் போய், நல்லவேளை நிறுத்திக்கொண்டார். “ரெண்டுலயும் உலை வெக்கறாங்க சார். ஆனா நெருப்பு ஒண்ணுதான்.”

மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘கொடியடுப்பானது சார்புக் குடும்பம். அரை மனைக்குத் தகுதியுடையது.’ இப்படிப்பட்ட நுட்பமான நிர்வாகத்தை உலகில் வேறெங்கும் காண முடியாது.

அடுப்பு எண்ணிய அன்று, முடிகிற வரைக்கும் சென்னம்மா அவர்கள் பின்னாலேயே நடந்தாள். கடைசியில் முன்னால் வந்து நின்றாள்.

“சாமி, என் பேரை எழுதிக்கினீங்களா?”

“உன் அடுப்பு எங்கேம்மா?”

“நீங்க நம்பர் போட்டதெல்லாம் என் அடுப்புதான்.”

“போட்டது நீ. சமைக்கிறது யார்? நீ எங்கே சமைக்கிறே?”

“சமைக்க வீடு இல்ல சாமி. அதான் மனை கேக்கறேன்.”

“தனி அடுப்பு இருந்தாத்தான் குடும்பம். குடும்பம் இருந்தாத்தான் மனை.”

“மனை இருந்தாத்தானே சாமி அடுப்பு?”

ஸௌரிராஜன் சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கேள்வி அதில் இல்லை. இல்லாத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகார வரம்பு மீறல்.

“அடுப்பு எண்ணித்தான் மனைன்னா, மலை மேல மடைப்பள்ளியில எத்தினி அடுப்பு எரியுது? எம்பெருமானுக்கு எத்தினி மனை குடுத்தீங்க?”

“அபசாரம்!” என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் ஜீப்பில் ஏறும்போது விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது நிலக் கணக்கு. நூற்று நாற்பத்து மூன்று மனைக்கு ஏழு ஏக்கருக்கு மேல் வேண்டும். களத்துமேடு இரண்டு ஏக்கர். பாக்கி நிலம் பக்கத்துப் பட்டா வயல்களிலிருந்து எடுக்கப்படும் என்று சிவப்புக் கொடி நட்டார்கள். ஊர் அன்றுதான் முதல்முறையாக அதிர்ந்தது. இல்லாத குடும்பங்களுக்கு இருக்கிற வயல் போகிறது. காலையில் செங்கல்வராயன் வயலில் நின்ற கொடி மத்தியானம் சம்பத்தின் வயலுக்கு நடந்தது. சாயங்காலம் திரும்பி வந்தது. பகலில் நடக்கத் தெரிந்த கொடிகளைச் சர்க்கார் அதற்கு முன்னும் பின்னும் தயாரித்ததில்லை. சாட்டை, மண்வெட்டி, சொந்தம் பந்தம் எல்லாம் வெளியே வந்தன. இரண்டு தலை உடைந்தது. இரண்டுமே அலகுகள்.

இந்த அமளியில் சென்னம்மா ஒரு காரியம் செய்தாள். களத்துமேட்டில், நட்ட நடுவில், வானத்தின் கீழே மண்ணைக் குழைத்து ஓர் அடுப்புப் போட்டாள். மூன்று குமிழ், கொடியடுப்பு கிடையாது. அரை மனை ஆசை அவளுக்கு இல்லை. சம்பாதித்த கேழ்வரகில் முதல் களியைக் கிண்டி, ஊரே பார்க்க உட்கார்ந்து தின்றாள். பிறகு ஜீப்பை மறித்தாள்.

“சாமி, இப்ப அடுப்பு கீது. நம்பர் போடுங்க.”

ஸௌரிராஜன் சுற்றி வந்து பார்த்தார். “சுவர் எங்கே?”

“மனை குடுத்தா சுவரு வெக்கறேன்.”

“வீட்டுக்குள்ளே இருக்கிறதுதான் அடுப்பு. வீடில்லாத அடுப்பு அடுப்பாகாது. அதுவும் பூங்காவிலே போட்டிருக்கே!” வரைபடத்தை விரித்துக் காட்டினார். அவள் அடுப்பு, வட்டத்தின் நடுப்புள்ளியில் உட்கார்ந்திருந்தது. “கர்ணம், இது ஆக்கிரமிப்பு. பி மெமோ எழுதும்.”

பி மெமோ என்பது, சர்க்கார் புறம்போக்கில் குந்திக்கொண்டவரை எழுந்திருக்கச் சொல்லிக் கர்ணம் தரும் தாள். எட்டாம் நாள் சென்னம்மாவிடம் அது வந்து சேர்ந்தது. சர்க்காரின் வேகத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“படிங்க கர்ணம் சாமி,” என்றாள்.

நாகபூஷணம் படித்தார். “‘ஊமத்தங்கண்டிகை களத்துமேட்டுப் புறம்போக்கில் அடுப்பமைத்துக் குடியிருந்துவரும் கன்னியப்பன் மனைவி சென்னம்மாவாகிய நீ, பதினைந்து தினங்களுக்குள்...’”

“இருங்க. இன்னா இருந்து வர்றேன்?”

“குடியிருந்து.”

“இன்னொரு தபா படிங்க.”

“‘குடியிருந்துவரும்.’ ஏமம்மா, இதுல சந்தோசப்பட இன்னா கீது? காலி பண்ணச் சொல்லுது.”

“அத்த விடுங்க. மறுபடி படிங்க.”

மூன்றாம் முறையும் படித்தார். அவள் தாளை வாங்கி நாலாக மடித்து, ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, டப்பாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். ஊரில் நூற்று நாற்பத்து மூன்று அடுப்புக்குத் தார் நம்பர் கிடைத்தது. சர்க்கார் முத்திரையோடு ‘குடியிருந்துவரும்’ என்ற சொல் ஒருத்திக்குத்தான் கிடைத்தது.

பதினைந்து தினம் முடிவதற்குள் ஆந்திரத்துக்கும் பக்கத்து ராஜ்யத்துக்கும் எல்லைப் பிரச்சினை வந்தது. எந்தக் கிராமம் இந்தாண்ட சர்க்காருக்கு, எந்தக் கிராமம் அந்தாண்ட சர்க்காருக்கு என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ஊமத்தங்கண்டிகை பட்டியலில் இருந்தது. உடனே ஓர் உத்தரவு: எல்லை முடிவாகும்வரை எதையும் கட்டக் கூடாது, எதையும் இடிக்கக் கூடாது. அதனால் மற்றவர்களுக்கு வீடு வரவில்லை. சென்னம்மாவின் அடுப்பும் போகவில்லை. சிவப்புக் கொடிகள் கோவணத்துக்குப் பயன்பட்டன.

மழை வந்தபோது அடுப்பின் மேல் நாலு கழி நட்டுப் பனையோலை வேய்ந்தாள். கர்ணம் ஓடி வந்தார்.

“கட்டக் கூடாதுன்னு ஆர்டர் தெரியாதா?”

“வீடு கட்டல சாமி. அடுப்பு நனையுது. சர்க்காரு இடிக்கக் கூடாதுன்ன பொருளு, கரைஞ்சிபோனா எனக்கில்ல கெட்ட பேரு?”

அடுத்த மழைக்குக் காற்றடிக்காமல் நாலு பக்கமும் மண் எழுந்தது. அதுவும் அடுப்புக்காகத்தான். அடுப்பு அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். வருஷம் பிறந்ததும் அவளே கர்ணம் வீட்டுக்குப் போவாள்.

“இந்த வருசம் எனக்கு நோட்டீசு குடுக்க மறந்துட்டீங்களே சாமி? நான் இன்னும் காலி பண்ணிக்கல. கோவம் வரலியா?”

நாலு வருஷத்தில் நாலு மெமோ. டப்பா கனத்தது.

எல்லை முடிவாயிற்று. ஏப்ரல் மாதம் முதல் தேதி கிராமங்கள் கைமாறின. இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்ததா என்று தெரியவில்லை. ஊமத்தங்கண்டிகை மாறவில்லை, ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. அதன் மனைக் கோப்பு மட்டும், போகப்போகும் கிராமங்களின் கோப்புகளோடு கட்டப்பட்டிருந்ததால், அந்தாண்ட போய்விட்டது. நூற்று நாற்பத்து மூன்று அடுப்பும் எந்த ஆபீஸின் எந்த அலமாரியில் எரிகின்றனவோ, இன்றுவரை தகவல் இல்லை.

ஆறு மாதம் கழித்து அதே ஸௌரிராஜன் வந்தார். இப்போது அவருக்குப் பதவி உயர்ந்திருந்தது. பென்சில் போய்ப் பேனா வந்திருந்தது. ஊரை அன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். கோப்பில் இல்லாதது நினைவில் இருக்கக் கூடாது என்பது அவர் விரதம்.

“இந்த ஊரிலே குடியிருக்கிறவா யார் யார்? எழுத்திலே ஆதாரம் வேணும்.”

செங்கல்வராயன் பதறினார். “இன்னா சார்? எங்கூட்ல வந்து பதினோரு அடுப்பு எண்ணிக்கினு, மோர் குடிச்சிட்டுப் போனீங்களே!”

“இருக்கலாம். மோர் கோப்பிலே இல்லையே. எங்கே அந்தப் பதினொண்ணு?”

பத்து அடுப்பை மழையும் மாடும் தின்றுவிட்டிருந்தன. யசோதாவின் அடுப்பு மட்டும் கெட்டியாக நின்றது. ஆனால் அவள் செங்கல்வராயனைத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

சென்னம்மா டப்பாவைத் திறந்து நாலு தாளையும் நீட்டினாள். ஸௌரிராஜன் ஒவ்வொன்றாகப் படித்தார். முத்திரை, தேதி, கையெழுத்து. ‘குடியிருந்துவரும்.’ ‘குடியிருந்துவரும்.’ அவர் முகம் மலர்ந்தது.

“ஆக, பதிவேட்டின்படி இந்த ஊரிலே குடியிருக்கிறது ஒரே ஒரு குடும்பம். அதுக்கு மனை குடுத்துட்டா, திட்டம் நூத்துக்கு நூறு பூர்த்தி.”

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

“நியாயமா சார் இது?” என்று செங்கல்வராயன் குறுக்கே விழுந்தார். “இவ புறம்போக்கைத் திருடுனவ. திருட்டுக்குப் பட்டாவா? ஊர்ல யோக்கியமா கீறவன் எல்லாம் மடையனா?”

பேனா நின்றது. ஸௌரிராஜன் விதிகளைப் புரட்டினார். “விதி ஏழு. ஆக்கிரமிப்பாளருக்கு மனை கிடையாது. ஆக்கிரமிப்பை அகற்றணும்.” பெருமூச்சு விட்டார். “என்ன பண்றதும்மா? உன் மெமோவே உன்னைத் தூக்குது, உன் மெமோவே உன்னைத் தள்ளுது.”

சென்னம்மா தன் மண்சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள்.

“விதின்னா விதிதான் சாமி. நான் இப்பவே இடிக்கறேன். அப்பால வாங்க, எல்லாருமா ஏரி உள்வாய்க்குப் போலாம்.”

“அங்கே என்ன?”

“ஏரித் தண்ணி நிக்கற எடத்துல மூணு ஏக்கரு வேர்க்கடலை. அது சர்க்காரு ஏரி. புடுங்கிப் போட ஆளு ரொம்ப வேணும்.”

கர்ணத்தின் கையிலிருந்து பதிவேடு நழுவியது. செங்கல்வராயனுக்குத் திடீரென்று பிடரி அரித்தது. ஊர் முழுக்கத் தரையைப் பார்த்தது.

“கர்ணம், அந்த மூணு ஏக்கர் ரிஜிஸ்டர்லே இருக்கோ?”

“லேது சார், இல்ல.”

“எத்தனை வருஷமா பயிர் வைக்கறா?”

“முப்பது... முப்பது வருசமா சார்.”

“அப்படிச் சொல்லும்!” ஸௌரிராஜனுக்கு உயிர் வந்தது. “முப்பது வருஷமா ஒரு மெமோகூட இல்லேன்னா அது ஆக்கிரமிப்பு இல்லை. அனுபோகம்.”

“எனக்கு?” என்றாள் சென்னம்மா.

“உனக்கு நாலு மெமோ இருக்கே. மெமோ இருந்தா ஆக்கிரமிப்பு. இல்லேன்னா அனுபோகம்.”

“அப்ப செங்கல்வராய நைனாவோட மூணு ஏக்கரையும் ஆக்கிரமிப்பு ஆக்க ஒரு தாளு போதும். கர்ணம் சாமி, பேனா கீதா? நான் சாட்சிக் கைநாட்டு வெக்கறேன். முப்பது வருசமா ஏன் எழுதலன்னு மேல கேட்டா நீங்களே சொல்லிக்குங்க.”

நாகபூஷணம் செங்கல்வராயனைப் பார்த்தார். செங்கல்வராயன் நாகபூஷணத்தைப் பார்த்தார். முப்பது வருஷ நட்பு அந்தப் பார்வையில் போய்வந்தது.

“பாவம் சார், ஏழைப் பொம்பள,” என்றார் செங்கல்வராயன். “பூங்கா இன்னாத்துக்கு நமக்கு? ஊரைச் சுத்திக் காடு கீது. குடுத்துடுங்க.”

ஸௌரிராஜன் விதி ஏழை மூடினார். பட்டாவில் கையெழுத்துப் போட்டார். அஞ்சு சென்ட்; நடுவில் அடுப்பு. சென்னம்மா அதை வாங்கி, கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இந்தச் சாதனை ஆண்டறிக்கையில் தனிப் பத்தியாக இடம்பெற்றது: ‘ஊமத்தங்கண்டிகையில் பதிவான குடும்பங்கள் ஒன்று, மனை பெற்ற குடும்பங்கள் ஒன்று, பூர்த்தி நூறு சதவீதம். கிராமத்தில் இருந்த ஒரே ஆக்கிரமிப்பும் முறைப்படுத்தப்பட்டுவிட்டது. இனி இக்கிராமத்தில் ஆக்கிரமிப்பே இல்லை.’

ஆக்கிரமிப்பு இல்லை என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த மறுநாள் காலை, செங்கல்வராயன் ஏரி உள்வாயில் நாலாவது ஏக்கருக்கு ஏர் பூட்டினார். கர்ணம் நாகபூஷணம் கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு, உழவுச் சால் கோணாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.